தூண்டிலுக்கு ஒரு கரை

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டைத் தாண்டி வடக்கே போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். கூனிமேடு, அனுமந்தை, மரக்காணம் என்று வழிநெடுகச் சாலையோரம் இருசக்கர வாகனங்கள் நிற்கின்றன. புதுச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த இளைஞர்கள் முதுகில் நீளப் பையும் கையில் ஃபைபர் தூண்டிலுமாக உப்பளத்து வரப்பிலும் பாலத்துக் கைப்பிடிச் சுவரிலும் இடம் தேடுகிறார்கள். டீக்கடையில் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, எந்தப் பக்கம் போனா மீன் கிடைக்கும்?"

கேள்வி சின்னது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல இன்று ஊர்க்காரர்களாலேயே முடிவதில்லை. மீன் எங்கே இருக்கிறது என்பது தெரியும். அங்கே போய்த் தூண்டில் போடலாமா என்பதுதான் தெரியாது. ஏரி என்றால் குத்தகைக்காரர் துரத்துவார். கழி என்றால் சரணாலய எல்லை எங்கே தொடங்குகிறது என்ற சந்தேகம். கடற்கரை என்றால் குறுக்கே வேலி. நகரத்து இளைஞருக்கு இதில் போவது ஒரு விடுமுறை நாள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும், வேலையில்லாத மழை நாளில் ஒரு வேளைக் குழம்புக்கு நாலு கெண்டை பிடித்து வரும் கூலித் தொழிலாளிக்கும் போவது அதைவிடப் பெரியது. விவசாயப் பக்கத்தில் தூண்டிலைப் பற்றி எழுத வேண்டியிருப்பது அதனால்தான்.

முதலில் மீன் இருக்கும் இடத்தைப் பார்த்துவிடலாம். இந்தப் பகுதியின் மீன் வளம் கழுவெளியை நம்பி இருக்கிறது. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி அது. ஐப்பசி, கார்த்திகையில் திண்டிவனம், வானூர், மரக்காணம் பக்கத்து ஏரிகள் கோடி போனால் உபரி நீர் ஓடை ஓடையாக இறங்கிக் கழுவெளியில் சேரும். கழுவெளி நிரம்பினால் உப்பங்கழி வழியாக இடையன்திட்டுக் கழிமுகத்தில் கடலைத் தொடும். மழை ஓய்ந்து வெயில் ஏறும்போது நீரின் போக்கு மாறும். கடல்நீர் கழிமுகம் வழியாக உள்ளே வரும். இந்த இரண்டு தண்ணீரும் மாறி மாறி வருவதால்தான் இங்கே மீன் இருக்கிறது. மடவை, கொடுவா, பால்கெண்டை எல்லாம் கடலில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் கழிக்குள் வந்து வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்புகின்றன. வெள்ளை இறாலும் அப்படித்தான். ஆகவே மேலே திண்டிவனத்துப் பக்கம் ஒரு வரத்து வாய்க்காலைத் தூர்த்து மனை போட்டால், கீழே மரக்காணத்தில் ஒருவருடைய வலையில் மீன் குறையும். ஏரிப் பாசன விவசாயியும் கழிமுக மீனவரும் ஒரே தண்ணீரின் இரண்டு முனைகளில் இருப்பவர்கள்.

தண்ணீரின் இந்தப் போக்கு தெரிந்தவருக்கு நல்ல இடம் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. நன்னீர் உவர்நீரோடு சேரும் இடம், ஓடை வளைவில் ஆழமான பக்கம், சிறுபாலத்தின் குழாய் வாய், மதகுக்குக் கீழே தண்ணீர் சுழலும் குழி ஆகிய இடங்களில் இரை தானாக வந்து சேரும். மீன் அங்கே காத்திருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏறி இறங்குவது அதிகம். ஏறிய தண்ணீர் வற்றத் தொடங்கும் நேரத்தில் கழிக்குள் மேய்ந்த சிறு மீனும் இறாலும் வெளியே வரும். கொடுவா அதற்காகவே ஓடை வாயில் நிற்கும். அதற்கு உயிர் இறால் போட வேண்டும். கிழங்கான் வேண்டுமானால் மணல் தரையுள்ள இடத்தில் புழு போட வேண்டும். மடவைக்குத் தூண்டில் போட்டு அரை நாளைக் கழிக்க வேண்டாம். அது பாசியும் சேறும் மேயும் மீன், வீச்சு வலைக்குத்தான் வரும். இதெல்லாம் நம் பெரியவர்கள் பத்து வயதில் தெரிந்துகொண்டவை. இப்போது பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் கைப்பேசியில் தேடித் தெரிந்துகொள்கிறார்கள். தப்பில்லை, ஆனால் கைப்பேசிக்கு இடையன்திட்டின் சேறு தெரியாது.

கூனிமேட்டுக் குப்பத்தில் இருப்பது திறந்த கடல். 17-ம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயக் கம்பெனி பண்டகசாலை வைத்திருந்த ஊர் இது. கம்பெனி கடலூருக்குப் போய்விட்டது, கட்டுமரம் மட்டும் நின்றது. ஊர்ப் பெயரைக் கேட்டாலே கருவாட்டுக் கடையின் கூனிப்பொடி நினைவுக்கு வரும். இங்கே அலை உடையும் இடத்துக்கும் கரைக்கும் நடுவே ஓடும் பள்ளத்தில், விடியலிலும் அந்தி நேரத்திலும் மீன் ஒதுங்கும். இன்னும் தெற்கே போனால் கரையின் கதை வேறு. 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டிய பிறகு வடக்கே மணல் வரத்துக் குறைந்து, கோட்டக்குப்பம் முதலான ஊர்களில் கடல் கரையைத் தின்றது. தடுப்பதற்குக் கல் கொட்டினார்கள். கடலுக்குள் நீளும் அந்தக் கல் வரிசைக்கு அரசு வைத்திருக்கும் பெயர் 'தூண்டில் வளைவு'. இன்று நிஜத் தூண்டில்காரர்கள் அதன் மேல்தான் நிற்கிறார்கள். வலை காயப்போட மணல் இல்லாத கரையில் கல்லிடுக்கு மீன் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பாசி பிடித்த கல் வழுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, எங்கே நிற்க உரிமை இருக்கிறது?

கடற்கரையில் பதில் தெளிவு. கரைக்குப் போவது யாருடைய தயவிலும் இல்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் (2011-லும் 2019-லும் வந்தவை) கடற்கரை விடுதிகளுக்கு விதித்துள்ள நிபந்தனைகளில் ஒன்று, இரண்டு விடுதிகளுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்குப் பொது வழி விட வேண்டும் என்பது. வேலி போட்டாலும் அது பொதுமக்கள் கரைக்குப் போவதை மறிக்கக் கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மனையும் விடுதியும் பெருகிவரும் ஊர்களில் ஊராட்சிகள் இந்த 20 மீட்டரை அளந்து பார்த்தாலே பாதி வேலை முடியும். இறால் பண்ணைகள் பெருகிய 1990-களிலும் இதே பிரச்சினை இருந்தது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, மீனவர்கள் கடற்கரைக்குப் போகும் வழி அடைபட்டதும் பண்ணைகளால் வந்த கேடுகளில் ஒன்றாகப் பேசப்பட்டது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்கானது. கரையில் நின்று தூண்டில் போடுபவரை அது கட்டுப்படுத்தாது. அதே நேரம், குப்பத்துக் கரை மீனவர்களின் வேலையிடம். காயும் வலையை மிதிக்கக் கூடாது, படகு இறங்கும் வழியில் நிற்கக் கூடாது. கரையில் இருக்கும் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவதால் யாருக்கும் குறைவு வந்துவிடாது.

கழுவெளியில் நிலைமை சிக்கலானது. 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. இது வரவேற்க வேண்டிய அறிவிப்பு என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. இந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் கழுவெளியின் ஓரங்கள் வரப்பு வரப்பாகக் காணாமல் போயிருக்கும். சரணாலயத்துக்குள் வெளியாட்கள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழையக் கூடாது என்பது சட்டம். நகரத்திலிருந்து தூண்டிலோடு வருபவர் அதை மதித்து வேறு இடம் பார்ப்பதுதான் முறை. ஆனால் கரையோரக் கிராமங்களில் தலைமுறையாகக் கழியில் இறங்கிக் கையாலும் சிறு வலையாலும் இறால் பிடித்து வந்தவர்களை அதே தட்டில் வைக்க முடியாது. எல்லை வரைபடத்தில் இருந்தால் போதாது. கரையில் நிற்பவர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். எது உள்ளே, எது வெளியே, யாருக்கு என்ன உரிமை என்று ஒவ்வொரு கரையோர ஊரிலும் தமிழில் பலகை வைப்பது வனத்துறைக்குப் பெரிய செலவில்லை. பலகை இல்லாத இடத்தில்தான் மிரட்டலும் கையூட்டும் முளைக்கும்.

நாம் அதிகம் கவலைப்பட வேண்டியது ஏரிகளைப் பற்றித்தான். பெரிய ஏரிகள் நீர்வளத் துறை வசம், சிறிய ஏரிகளும் குட்டைகளும் ஊராட்சிகள் வசம் இருக்கின்றன. அவற்றின் மீன்பாசிக் குத்தகை பெரும்பாலும் பசலிக் கணக்கில் ஏலம் போகிறது. ஜூலை 1-ல் புதுப் பசலி பிறக்கும். ஏலம் எடுத்தவர் குஞ்சு வாங்கி விடுகிறார், காவல் போடுகிறார். அவருக்கும் முதல் இருக்கிறது. வலையோடு வருபவரை அவர் விரட்டினால் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மூங்கில் கழியில் நரம்பு கட்டிக்கொண்டு வரும் எட்டாம் வகுப்புப் பையனையும் சேர்த்து விரட்டும் வழக்கம் எங்கிருந்து வந்தது? ஏரி ஏலம் போனதா, ஏரியில் விட்ட கட்லாவும் ரோகுவும் ஏலம் போனதா? குஞ்சு விடாமலே தானாக வளரும் கெண்டையும் கெளுத்தியும் குரவையும் யாருடையவை?

இதற்கு ஒரு பழைய பதில் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் மாவட்டங்களில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். விடிவதற்குள் சுற்றுப்பட்டு ஊர் சனம் ஊத்தா, கச்சா, வலையோடு கரையில் வந்து நிற்கும். ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும் எல்லோரும் ஒன்றாக இறங்குவார்கள். பிடித்தது பிடித்தவருக்கு. அன்று அந்த ஊர்களில் எல்லா வீட்டிலும் மீன் குழம்புதான். கண்மாயை முழுவதுமாகக் காசாக்காமல் ஒரு பங்கை ஊருக்கென்று ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு அது. விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்ட ஏரிகளில் அப்படியே நடத்த வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அந்தக் கணக்கை மட்டும் கொண்டுவரலாம்.

அதாவது, வரும் பசலியிலிருந்து மீன்பாசி ஏல நிபந்தனைகளில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும்: ஏரிக்கரையில் அளந்து கல் நட்ட ஒரு பகுதி தூண்டிலுக்குப் பொது. ஆளுக்கு ஒரு தூண்டில். வலை கூடாது, பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டுத் தேவைக்கு மட்டும். குத்தகைக்காரர் அறுவடை செய்யும் நாட்களில் வேண்டுமானால் நிறுத்தி வைக்கலாம். ஏலத் தொகை கொஞ்சம் குறையும் என்று ஊராட்சி சொல்லும். குறையலாம். தூண்டிலில் போகும் மீன் எவ்வளவு என்று ஒரு நாள் கரையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்தக் குறைவின் அளவும் தெரியும்.

விவசாயிகளுக்கு இதில் நேரடி லாபமும் உண்டு. மீனைச் சுலபமாக அள்ளுவதற்காகக் குத்தகைக்காரர்கள் மதகைத் திறந்து தண்ணீரை வீணாக்குகிறார்கள் என்பது ஏரிப் பாசன ஊர்களில் கேட்டுக் கேட்டுப் பழகிய புகார். நாலு பேர் எப்போதும் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் கரையில் இரவோடு இரவாக மதகைத் தூக்குவது அவ்வளவு எளிதல்ல. கரையில் விரிசல், மதகில் கசிவு, ஏரிக்குள் கழிவு லாரி என்று எது நடந்தாலும் முதலில் பார்ப்பவர் தூண்டில்காரர்தான். சம்பளம் வாங்காத காவல் அது.

நாமும் சிலவற்றை விட வேண்டியிருக்கிறது. புது வெள்ளத்தில் கெண்டையும் கெளுத்தியும் வாய்க்காலில் எதிரேறி வரும்போது மடையில் பரி வைத்து அள்ளுவது நம் ஊர்களின் பழைய சந்தோஷம். ஆனால் அப்போது ஏறுவது முட்டை வயிறோடு வரும் மீன். முதல் வெள்ளத்துக்கு ஒரு வாரம் விட்டுவிட்டால் மாசி வரை பிடிக்க மீன் இருக்கும். தண்ணீரின் மேல்மட்டத்தில் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அதன் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும் விரால் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே தூண்டில் போடுபவர் ஒரு மீனைப் பிடிப்பதில்லை, நூறு மீனைக் கொல்கிறார். வெடி வைப்பதும் நஞ்சு கலப்பதும் 1897-ம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம். இப்போது பேட்டரி, இன்வெர்ட்டர் வைத்து மின்சாரம் பாய்ச்சும் கூட்டம் சேர்ந்திருக்கிறது. மீனோடு ஆளும் போகும் வேலை. அதைப் பார்த்தும் ஊர் சும்மா இருக்கக் கூடாது. வளர்ப்புக்குத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் பண்ணைக்குட்டையில் வைத்திருப்பவர்கள், மழையில் குட்டை உடைந்தால் அது எந்த ஏரிக்குப் போகும் என்று யோசிக்க வேண்டும்.

வெளியூரிலிருந்து வருபவர்களுக்கும் இரண்டு வார்த்தை. உப்பளத்து வரப்பு நடைபாதை அல்ல. ஒரு இடத்தில் மிதிபட்டு உடைந்தால் பாத்திக்குள் வேறு தண்ணீர் புகுந்து, விளைந்துகொண்டிருக்கும் உப்பு கெடும். நெல் வரப்புக்கும் இதே கதைதான். அறுந்த நரம்பைக் கரையில் போடாமல் சுருட்டி எடுத்துப்போக வேண்டும். பூநாரை, கொக்கின் காலில் அது சுற்றினால் பறவை பிழைக்காது. நெடுஞ்சாலைப் பாலத்தின் மேல் நின்று தூண்டில் வீசுவது அடுத்தவர் கண்ணுக்கு ஆபத்து. கழிமுகத்தில் வற்றும் நீர் இழுக்கும் இழுப்பு, நீச்சல் தெரிந்தவரையும் கொண்டுபோகும்.

இவர்கள் வருவதை வருமானமாகவும் மாற்ற முடியும். சாலைக்குப் பக்கத்தில் பண்ணைக்குட்டை வைத்திருக்கும் விவசாயி, கட்லா, ரோகு, மிர்கால் வளர்த்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு தூண்டிலுக்கு இவ்வளவு என்று கட்டணம் வைக்கலாம். பிடித்த மீனை எடை போட்டு விற்கலாம். நிழலுக்கு ஒரு கொட்டகையும் மதியத்துக்குச் சாப்பாடும் இருந்தால் வீட்டுப் பெண்கள் கைக்கும் நாலு காசு வரும். 2020-ல் தொடங்கிய பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் குளம் வெட்டவும் மீன் வளர்க்கவும் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் வைக்கப்பட்டது. பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கும் அதில் இடம் உண்டு. இப்போது எந்தப் பிரிவில் விண்ணப்பிக்கலாம் என்பதை மாவட்ட மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுச் சொல்வது வட்டார விரிவாக்கப் பணியாளர்கள் செய்யக்கூடிய வேலை. கட்டணக் குட்டைகள் பத்து வந்தால் பொது ஏரியின் நெருக்கடியும் கொஞ்சம் குறையும். ஆனால் கட்டணக் குட்டை பொதுக் கரைக்கு மாற்று ஆகாது. ஐம்பது ரூபாய் கொடுக்க முடியாதவரும் மீன் சாப்பிட வேண்டும்.

சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அங்கே குடிநீர் எடுக்கும் நீர்த்தேக்கங்களிலேயே, பெடோக், கிராஞ்சி, கீழ் சிலேத்தார் போன்ற இடங்களில், கரையின் இந்தப் பகுதி தூண்டிலுக்கு என்று குறித்துப் பலகை வைத்திருக்கிறார்கள். அங்கே செயற்கை இரை மட்டும்தான் போடலாம், மற்றக் கரையில் போட்டால் அபராதம். நிலத்துக்கு அவ்வளவு பஞ்சமுள்ள தீவு செய்கிறது. நம்மிடம் கிலோமீட்டர் கணக்கில் ஏரிக்கரை இருக்கிறது.

நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மீன் நீர் எப்படிப் போகும் என்பதற்கு எண்ணூரைவிட வேறு சாட்சி தேவையில்லை. சென்னைக்குள்ளேயே இறாலும் நண்டும் தந்துகொண்டிருந்த கழிமுகம், சாம்பலும் கழிவுமாக ஆண்டுக்கணக்கில் சீரழிந்து, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படர்ந்து கறுத்துக் கிடந்தது. மீனவர்கள் வாளியில் எண்ணெய் அள்ளியதைத் தமிழ்நாடே பார்த்தது. மரக்காணத்துக் கழி இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. ஆனால் நகரம் அதை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. காலாப்பட்டைத் தாண்டிய மனைப் பிரிவு விளம்பரப் பலகைகளை எண்ணிப் பார்த்தால் எவ்வளவு வேகம் என்று தெரியும்.

இப்போது வட்டாட்சியர் அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கும் காலம். பசலி முடியும் முன் ஊர்க் கணக்கைப் பார்ப்பதற்கென்றே வைத்த ஏற்பாடு அது. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை மனுக்களோடு, ஏரிக்கரையில் தூண்டிலுக்கு இடம் ஒதுக்கவும், அடைபட்ட கடற்கரை வழியை அளந்து திறக்கவும் கேட்டு ஊருக்கு ஒரு மனு கொடுக்கலாம். ஏரியின் சர்வே எண், எந்தப் பக்கக் கரை, எத்தனை மீட்டர் என்று எழுதிக் கொடுத்தால் தட்டிக்கழிப்பது கடினம். அங்கே பதில் வராவிட்டால் மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மீன்வளத் துறை, நீர்வளத் துறை அதிகாரிகள் இருக்கும்போதே கேட்கலாம். ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்னால் கேட்பது முக்கியம். ஜூலை பிறந்து குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து விழுந்துவிட்டால் அடுத்த பசலிக்குத்தான் பேச முடியும்.